ஒரே வயரில் இரண்டு பேச்சு

நான் வீட்டோட மாப்பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். அந்த வீடு மாமனார் வீடாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பொங்கலுக்கு வந்த இடத்தில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கிடக்கிற இந்த ஊருக்கும் ஃபைபர் நெட் வந்திருப்பதைப் பார்த்தேன். சித்திரை வருவதற்குள் பெங்களூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். யாராவது விசாரித்தால் என் மனைவி, "அவுக ஆபீசு எங்க வீட்டு மாடில இருக்கு" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். சிரிக்காமல் சொல்வதுதான் வலிக்கும்.

எங்கள் கம்பெனி செய்வது கிணற்று மோட்டாருக்கான ஒரு சின்னப் பெட்டி. சோப்பு டப்பா அளவு இருக்கும். உள்ளே ஒரு சிம் கார்டும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும். செல்போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். விடாமல் மணியடிக்க விட்டால் நிற்கும். கிணற்றடிக்கு நடக்க வேண்டியதில்லை. இந்தப் பெட்டியின் புது மாடலைச் சோதித்துப் பார்க்க ஒரு தோட்டம் வேண்டும் என்று ஆபீசில் பேச்சு வந்தபோது, "எங்க மாமனார் கிணறு இருக்கு" என்று கையைத் தூக்கினேன். அது மாமனார் கிணறு அல்ல, மாமனாரும் அவர் தம்பியும் சேர்ந்து வைத்திருக்கிற பங்குக் கிணறு என்ற சிறிய விவரத்தை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. ஒரு நாள் மாமாவின் மிளகாய்க்கு, மறுநாள் அவர் தம்பி சின்ன மாமாவின் மல்லிகைக்கு. இந்தத் தண்ணீர் முறை மட்டும் பிசகியதே இல்லை. மற்றபடி அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஒரு காதுகுத்தில், கறிச்சோற்றுப் பந்தியில் உட்காரச் சொல்லி அண்ணன் தம்பியைக் கூப்பிடவில்லை. "கூடப் பிறந்தவனைக் கூப்பிடவும் வேணுமா" என்பது அண்ணன் கட்சி. "கூடப் பிறந்தவன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா" என்பது தம்பி கட்சி. காது குத்திய பிள்ளை இப்போது பைக் ஓட்டுகிறது.

பேசிக்கொள்வதில்லை என்றேனே தவிர, பேச்சுக்குக் குறைவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் மாமா நாற்காலியில் இருப்பார். அந்தப் பக்கம் சின்ன மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பார். நடுவில் என் அத்தை, அதாவது என் மாமியார், இட்லிக்கு ஆட்டிக்கொண்டோ துணி காயப்போட்டுக்கொண்டோ நிற்பார். சொல்ல வேண்டியதையெல்லாம் இருவரும் அத்தையிடம்தான் சொல்வார்கள். எங்கள் பக்கம் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர்.

மாமா ஆரம்பிப்பார்: "சில பேரு வாய்க்காக் கரையை மிதிச்சு மிதிச்சு மண்ணாக்கிட்டாக. தண்ணி பாதி காட்டுக்குப் போகுது. நமக்கென்ன."

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பி, "கொழுந்தனாரே, வாய்க்கா கரை கொஞ்சம் இளகியிருக்காம். போறப்ப ஒரு மம்பட்டி மண்ணு அள்ளிப் போட்ருங்க" என்பார்.

சின்ன மாமா அதற்குப் பிறகுதான், "ம்ம்" என்பார். மாமா சொன்னது அவர் காதில் மூன்றடி தூரத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும். ஆனாலும் அத்தை வழியாக வந்தால்தான் அது வந்ததாகக் கணக்கு.

முதலில் எனக்கு இது விளங்கவே இல்லை. மாமா அத்தையிடம், "குழம்புல உப்பு கம்மி" என்றால் அதையும் அந்தப் பக்கம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அத்தைக்கு அந்தக் குழப்பமே கிடையாது. "சில பேரு" என்று தொடங்கி "நமக்கென்ன" என்று முடிந்தால் அது தம்பிக்கு. மீதி எல்லாம் வீட்டுக்கு. அந்தத் தொடக்கத்தையும் முடிவையும் உரித்து எறிந்துவிட்டு, நடுவில் இருக்கிற சரக்கை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிடுவார்.

பெட்டியைப் பொருத்தினோம். மாமாவுடைய முறையன்று மோட்டார் ஜம்மென்று ஓடியது. மாமா நாற்காலியை விட்டு எழாமலே மிஸ்டு கால் கொடுத்து, எழாமலே பெருமைப்பட்டார். மறுநாள் சின்ன மாமாவின் முறை. மோட்டார் ஒரு உறுமல் உறுமியது. 'டக்' என்று ஸ்டார்ட்டர் விழுந்தது. அவ்வளவுதான். அதற்கடுத்த நாள் மாமாவுக்கு ஓடியது. அதற்கடுத்த நாள் சின்ன மாமாவுக்கு 'டக்'.

ஒரு நியாயமான மனிதன் இதைப் பார்த்து என்ன நினைப்பான்? அண்ணனும் அவர் கம்ப்யூட்டர் மாப்பிள்ளையும் சேர்ந்து ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். சின்ன மாமா மிகவும் நியாயமான மனிதர்.

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். பெட்டிக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருள். அது தான் செய்கிற ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்: சிம் எழுந்தது, மணி வந்தது, மோட்டாருக்குச் சொன்னேன் என்று. இந்த முணுமுணுப்புக்குக் கன்சோல் என்று பெயர். பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சீரியல் போர்ட் என்ற ஒரு சின்ன வாசல் வழியாக அது வெளியே வரும். அங்கே வயரைச் செருகினால் லேப்டாப்பில் படிக்கலாம். படித்தேன். "மணி வந்தது, மணி வந்தது" என்று சொன்ன கெர்னல், பொத்தென்று விழுந்து, தானே எழுந்து, எதுவும் நடக்காததுபோல முதலிலிருந்து ஆரம்பித்தது. கல்யாண வீட்டில் குடித்துவிட்டு விழுந்தவர் எழுந்து, "எல்லாரும் சாப்ட்டீகளா?" என்பது மாதிரி.

ஏன் விழுந்தது என்று தெரிய வேண்டுமானால் அது விழுகிற நொடியில் பிடித்து நிறுத்தி, உன்னைக் கூப்பிட்டது யார், கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று விசாரிக்க வேண்டும். அதற்கு டீபக்கர் என்று ஒரு கருவி உண்டு. அந்த விசாரணையும் இதே சீரியல் போர்ட் வழியாகத்தான் நடக்க வேண்டும். பெட்டிக்கு இரண்டாவது வாசல் கிடையாது. "எதுக்கு ரெண்டு? வீணா இடம் அடைக்கும்" என்று வடிவமைப்புக் கூட்டத்தில் புத்திசாலித்தனமாகப் பேசி அதை எடுக்கச் சொன்ன ஒரு ஆளை எனக்குத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறேன்.

சரி, ஒரே வயரில் இரண்டையும் விட்டேன். கெர்னலின் முணுமுணுப்பை டீபக்கர் தன் கேள்விக்கு வந்த பதில் என்று நினைத்துக்கொண்டது. டீபக்கரின் கேள்விகள் கன்சோல் ஜன்னலில் கெட்ட வார்த்தைபோலக் குறியும் எண்ணுமாகக் கொட்டின. எந்த ஜன்னலில் எதைத் தட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. டீபக்கரில் கொடுக்க வேண்டிய 'தொடர்' கட்டளையைக் கன்சோலில் தட்டித் தட்டிப் பார்த்தேன். அது அசையவில்லை.

பின்னால் வந்து நின்ற மாமா கேட்டார்: "என்ன மாப்ள, பதில் சொல்ல மாட்டேங்குதா?"

"ஆமா மாமா."

"கோவமா இருக்கும். விடுங்க. ரெண்டு நாள் கழிச்சு அதுவா பேசும்."

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. முன்பெல்லாம் விழுந்த கெர்னல் தானாக எழுந்துகொள்ளும். டீபக்கரைச் சேர்த்த பிறகு, விழுந்த இடத்திலேயே யாராவது வந்து விசாரிக்கட்டும் என்று படுத்துக்கொண்டது. நான் டீ குடிக்கப் போயிருந்தாலும் படுத்தே கிடக்கும். சின்ன மாமாவின் முறை நாள் முழுக்க வீணாயிற்று. மல்லிகை மொக்கு சுண்டிப்போக ஆரம்பித்தது.

அன்றைக்கென்று பார்த்து அத்தை காரியாபட்டிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மட்டும். மாமா நாற்காலியிலிருந்து ஆரம்பித்தார்: "சில பேரு கைராசி அப்படி. தொட்டா நிக்கும். நமக்கென்ன."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பதவி என்னிடம் வந்திருப்பது எனக்குப் புரிந்தது. பொறுப்போடு சுவரருகே போய், "சின்ன மாமா, உங்க கைராசி அப்படியாம். தொட்டா நிக்குமாம்" என்றேன்.

அந்தப் பக்கம் "ம்ம்" வரவில்லை. வாளி கீழே வைக்கப்படும் சத்தம் வந்தது. அப்புறம் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவரோடு செல்போனில் பேச்சு: "யாரு, போர் லாரியா? நம்ம மல்லியத் தோட்டத்துல ஒரு போர் போடணும்ப்பா. என்னைக்கு வருவீக? வெள்ளிக்கெழமையா? வாங்க, வாங்க."

சாயங்காலம் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி, பையை வைப்பதற்குள் ஊரே விஷயத்தைச் சொல்லியிருந்தது. நேராக மாடிக்கு வந்தார். என் அத்தை என்னிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"பேச்சைக் கடத்தச் சொன்னா அப்படியேவா மாப்ள கடத்துவீக?"

"அவர் சொன்னதைத்தானே அத்தை சொன்னேன்..."

"சொன்னதைச் சொல்றதுக்கு நான் எதுக்கு? சொவத்துல ஓட்டை போட்டா போதாதா?" அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "தனிப் போரு போட்டுட்டா அவரு எதுக்குக் கெணத்துப் பக்கம் வரப்போறாரு? இந்த முறைத் தண்ணி ஒண்ணுதான் ரெண்டு பேரையும் ஒரே வரப்புல நடக்க வச்சிருக்கு. நாளைக்கு என் வீட்டுல நல்லது கெட்டதுன்னா யாரு மொதல்ல வந்து நிக்கணும்? போரு லாரிக்காரனா?"

மேஜைமேல் லேப்டாப் திறந்து கிடந்தது. இரண்டு ஜன்னலிலும் குப்பை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, இப்படிக் கொட்டிக் கெடக்கு?" என்றார்.

"ஒரே வயருல ரெண்டு பேரு பேசுறாக அத்தை. எது யாருக்குன்னு பிரிக்க முடியல."

"நடுவுல ஒரு ஆளை வைக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டார்.

அத்தையைக் கணினி மேதை ஆக்கிவிட நான் விரும்பவில்லை. எந்த வீட்டுச் சண்டைக்கும் அவர் அதைத்தான் சொல்வார். ஆனால் அப்படி ஒரு நடு ஆள் நிஜமாகவே உண்டு. அதைத் தேடிப் போடச் சோம்பல்பட்டுத்தான் நான் இத்தனை நாளும் கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு சின்ன நிரல். வயரைத் தான் மட்டும் பிடித்துக்கொள்ளும். லேப்டாப்புக்குள் இரண்டு பொய் வாசல்களைத் திறக்கும், ஒன்று கன்சோலுக்கு, ஒன்று டீபக்கருக்கு. வருகிற எழுத்துகளில் டாலர் குறியில் தொடங்கி ஹேஷ் குறியிலும் ஒரு சரிபார்ப்பு எண்ணிலும் முடிகிற துண்டு டீபக்கருக்குரிய பேச்சு. மீதி எல்லாம் முணுமுணுப்பு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டாலர் என்ன, 'சில பேரு' என்ன.

வியாழக்கிழமை சின்ன மாமாவின் முறை. வெள்ளிக்கிழமை லாரி. காலையில் த்ரீ பேஸ் கரண்ட் வருவதற்கு முன்பே நான் மோட்டார் ரூமில் இருந்தேன். நடு ஆள் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. கன்சோல் ஜன்னலில் கெர்னல் தெளிவாக முணுமுணுத்தது. டீபக்கர் ஜன்னல் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்கான இரண்டு ஜன்னல்களை நான் பார்த்ததில்லை.

மாமா ரூமுக்குள் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றார். மிளகாய்க் காட்டுக்குப் போகிற வழியில் தற்செயலாக வந்தாராம். மிளகாய்க் காடு எதிர்த்திசையில் இருக்கிறது. அண்ணன் உள்ளே இருப்பதால் சின்ன மாமா வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். அத்தை தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவே, கதவு நிலையில் நின்றுகொண்டார்.

கரண்ட் வந்தது. சின்ன மாமா போனை எடுத்தார். கன்சோலில் "மணி வந்தது" என்று விழுந்தது. மோட்டார் உறுமியது. உடனே மறுபடி "மணி வந்தது". டக்.

கன்சோல் அப்படியே நின்றது. டீபக்கர் விழித்துக்கொண்டது. முதல் தடவையாக அது குழப்பமில்லாமல் பேசியது. கையும் களவுமாகப் பிடிபட்ட கெர்னலை விசாரித்தேன். ஒரு மணியை வாங்கிக்கொண்டு, மோட்டாருக்குச் சொல்லிவிட்டு, அது வேகம் பிடிக்கட்டும் என்று சற்றுப் பொறுத்திருக்கிறது. அந்த நேரத்தில் இரண்டாவது மணி வந்து அதே வேலையை மறுபடி ஆரம்பித்திருக்கிறது. ஒரே சாமானை இரண்டு கையும் பிடித்திழுத்து, கெர்னல் குப்புற விழுந்திருக்கிறது.

எங்கள் மென்பொருளில் இருந்த ஓட்டைதான். ஆனால் இது பெங்களூரில் ஒரு நாளும் நடந்ததில்லையே. யார் இரண்டு மணி அடிப்பது? தலையை வெளியே நீட்டினேன்.

"சின்ன மாமா, இப்ப ரெண்டு மிஸ்டு கால் குடுத்தீங்களா?"

"ஆமா."

"எதுக்கு ரெண்டு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன கேள்வி மாப்ள? அவுக ஒண்ணு குடுக்காக. நானும் ஒண்ணு குடுத்தா இது என் முறைன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்? ஒண்ணுன்னா அவுக. ரெண்டுன்னா நானு. தொடக்கத்துல இருந்து நான் ஒழுங்காத்தான் குடுத்துட்டு வாரேன்."

"அதுவும் சட்டுச் சட்டுன்னு..."

"பின்ன? நடுவுல எடைவெளி விட்டா ஒண்ணும் ஒண்ணும் தனித்தனின்னு நெனச்சுக்கிராதா?"

இந்த மனிதரிடம் யாருமே கேட்கவில்லை. அண்ணன் பேசமாட்டார். அத்தைக்கு மிஸ்டு கால் தெரியாது. நான் பெட்டியிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே போதும் மாமா. உங்க நம்பரை வச்சே பெட்டிக்குத் தெரியும், நீங்கதான்னு."

"எம் நம்பரா? அது எப்படி அதுக்குத் தெரியும்?"

"நான் போட்டு வச்சிருக்கேன்ல."

"உங்களுக்கு யாரு குடுத்தா? நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லையே."

அது உண்மை. பெட்டியைத் தயார் செய்த அன்று மாடியில் வைத்து மாமாவிடம்தான் கேட்டிருந்தேன். "பெரிய மாமா சொன்னாக" என்றேன்.

சின்ன மாமா சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. "சும்மா வெளையாடாதீக. அவுக போனுல எம் நம்பரே கெடையாது. அழிச்சுட்டாக. என் முன்னாடிதான் அழிச்சாக."

"போனைப் பாத்துச் சொல்லல மாமா. போன் கீழ சார்ஜுல கெடந்துச்சு. வாயாலயே சொன்னாக. நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள சொல்லி முடிச்சுட்டாக. 'மெதுவா மாமா'ன்னு ரெண்டாந்தடவை சொல்ல வச்சேன்."

ரூமுக்குள் மாமா ஸ்டார்ட்டரின் பித்தான்களை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். நான் வாயைத் திறந்து வேடிக்கையாக ஏதோ சொல்லப் போனேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பிறகு மாமா தொண்டையைச் செருமினார். "கரண்டு போயிரும். ஒரு கால் குடுக்கச் சொல்லு."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அத்தை அதைக் கடத்தவில்லை. நானும் அவசரமாகக் கன்சோலைப் பார்க்க ஆரம்பித்தேன், அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லாவிட்டாலும்.

வெளியிலிருந்து, "ம்ம்" என்றார் சின்ன மாமா.

டீபக்கரை விலக்கிவிட்டுப் பெட்டியை முதலிலிருந்து எழுப்பினேன். அது சோம்பல் முறித்து, முணுமுணுத்து, தயாரானது. சின்ன மாமா ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இன்னொன்று கொடுக்கக் கை துடித்ததை நான் பார்த்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டு, பைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். மோட்டார் உறுமியது. எல்லாரும் அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. உறுமல் சீராகி, குழாயில் முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் வந்தது.

சின்ன மாமா மம்பட்டியோடு தண்ணீருக்கு முன்னால் நடந்தார். வழியில் உடைந்திருந்த கரையில் மண்ணை அள்ளிப் போட்டார். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே வரப்பில், பத்தடி பின்னால் நடந்தார். மிளகாய்க் காட்டுக்கு அது வழியே இல்லை. தம்பி போட்ட மண்ணை ஒவ்வொரு இடத்திலும் காலால் அமுக்கிவிட்டுக்கொண்டே போனார்.

அந்த ஓட்டையை அன்றைக்கே அடைத்துவிட்டேன். யார் எத்தனை மணி எவ்வளவு வேகமாக அடித்தாலும் இப்போது பெட்டி விழாது. ஆபீசில் ஒருவர், "ஒரே ஆள் எதற்காக அடுத்தடுத்து இரண்டு தடவை கூப்பிடுவார், இது நடைமுறையில் சாத்தியமா?" என்று கேட்டார். பங்குக் கிணறு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்கு வேறு மீட்டிங் வந்துவிட்டது.

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கு நான் லேப்டாப்பையும் வயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அத்தையோடு கிளம்பியபோது மல்லிகைத் தோட்டத்திலிருந்து சின்ன மாமாவின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார். அத்தை நடப்பதை நிறுத்திக் காதைக் கொடுத்தார்.

"ஆமாப்பா, நாந்தேன். நாளைக்கு லாரி வேணாம்... இல்ல இல்ல, தண்ணிப் பாயிண்டு எல்லாம் நல்ல பாயிண்டுதான்... தண்ணிதான் வருதே, பெறகு எதுக்கு?... என்னது, வேற நாள் தோது பாத்துச் சொல்லவா? அதெல்லாம் ஒண்ணும் வேணாம். வைங்க."

அத்தை தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். இரண்டு பேருமே சாப்பிடவில்லை. "ஆறிப் போச்சு" என்று மூடிவிட்டு, என் கையில் இருந்த வயரையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, வாளியை என்னிடம் நீட்டினார்.

"போயி வரப்புல வச்சுட்டு வாங்க மாப்ள. ரெண்டு பேருக்கும் ஒரே வாளிதான் இருக்கு. ஒண்ணும் பேசாதீக. வச்சுட்டு மட்டும் வாங்க."